தவறிழைத்த பிரசையும் தாய்நாட்டின் கடனும்

பிறந்து வளர்ந்த நாட்டை விட்டு நீங்கி, வன்முறையையே வழியாகக் கொண்ட ஓர் அந்நிய இயக்கத்துடன் சேர்ந்துகொண்ட பிரசையொருவர், அவ்வியக்கம் தோற்றழிந்தபின் தம் நாட்டிற்குத் திரும்ப விழைவாராயின் அந்நாடு செய்யத்தக்கது யாது? இவ்வினா முற்றிலும் புதியதன்று. ஆயினும், 'இஸ்லாமிய அரசு' எனத் தன்னைத் தானே 2014 யூன் மாதத்திற் பிரகடனஞ் செய்துகொண்ட இயக்கம் சிரியாவிலும் ஈராக்கிலும் பெருநிலப்பரப்பைக் கைப்பற்றிய காலந்தொட்டு, இது பல அரசுகளின் உறக்கத்தைக் கெடுத்த வினாவாயிற்று. ஏறத்தாழ 110 நாடுகளிலிருந்து 40,000க்கும் மேற்பட்டோர் அங்குச் சென்றனர் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீடு. பிரித்தானியாவிலிருந்து மாத்திரம் 900க்கு மேற்பட்டோர் சென்றதாக அந்நாட்டு அரசு கூறியுள்ளது. 2019 மார்ச்சில் அவ்வியக்கத்தின் கடைசி நிலப்பகுதியும் வீழ்ந்தபோது உயிருடன் எஞ்சியோர் சிறைகளிலும் முகாம்களிலும் அடைக்கப்பட்டனர். அவ்வாண்டில் அல்-ஹோல் என்னும் ஒரு முகாமிலே 70,000க்கும் மேற்பட்டோர் இருந்தனர். அவருட் பெரும்பாலார் பெண்களும் சிறுவருமாவர்.

இப்பிரச்சினையைப் பாதுகாப்புத் துறையினருக்குரிய ஒன்றாகவே பலரும் நோக்குவர். எத்தனை பேர் திரும்பினர், எத்தனை பேரைக் கண்காணிக்க வேண்டும், அதற்கு எத்துணைப் பொருட்செலவாகும் என்பன அவர்தம் வினாக்கள். அவ்வினாக்கள் வேண்டியனவே. ஆனால் அவற்றின் அடியிலே ஒழுக்கவியல் சார்ந்த பிறிதொரு வினா கிடக்கின்றது. பிரசாவுரிமை என்பது நன்னடத்தைக்கு அரசு வழங்கும் பரிசா? அல்லது நன்னடத்தையாயினுந் தீநடத்தையாயினும் அரசும் மனிதரும் ஒருவரையொருவர் கைவிட முடியாதபடி கட்டுண்டிருக்கும் உறவா? இதற்கு அளிக்கும் விடையே ஏனைய விடைகளை நிருணயிக்கும்.

பொதுப்படப் பேசுவதிலும் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு ஆராய்தல் பயனுடைத்து. இலண்டனின் கிழக்குப் பகுதியான பெத்னல் கிரீனைச் சேர்ந்த பாடசாலை மாணவியர் மூவர் 2015 பெப்ரவரி 17 ஆந் திகதி கற்விக் விமான நிலையத்திலிருந்து இஸ்தான்புலுக்குப் பயணமாகினர். இருவருக்கு வயது 15, ஒருத்திக்கு 16. துருக்கியூடாகச் சிரியாவுக்குள் நுழைந்து இயக்கத்தைச் சேர்ந்தனர். அவர்களுடைய தோழி ஒருத்தி 2014 டிசெம்பரிலேயே அங்குச் சென்றிருந்தமையால், பொலிசார் இம்மாணவியரை விசாரிக்க விரும்பிப் பெற்றோரின் சம்மதங் கோரும் கடிதங்களை எழுதியிருந்தனர். அக்கடிதங்களைப் பெற்றோரிடம் நேரே சேர்ப்பியாது மாணவியர் கையிலேயே கொடுத்து விட்டனர். பிள்ளைகள் அவற்றை ஒளித்து வைத்தனர். பெற்றோர் கண்டது, பிள்ளைகள் போன பின்னர்தான். இச்சிறு செய்தி மறக்கத்தக்கதன்று. ஒரு பிள்ளை வழி தவறும்போது அப்பிள்ளையைச் சூழ்ந்திருந்த பாடசாலையும் பொலிசும் அரசும் அக்கதையில் இடம்பெறாதவை போலப் பின்னர்ப் பேசப்படுகின்றன.

அம்மூவருள் ஒருவரான ஷமீமா பேகம் 2019 பெப்ரவரியில் சிரிய முகாமொன்றிலே நிறைகர்ப்பிணியாகப் பத்திரிகையாளரொருவராற் காணப்பட்டார். அவர் அதற்கு முன் ஈன்ற குழந்தைகள் இருவரும் இறந்திருந்தனர். நாடு திரும்ப விரும்புவதாகக் கூறிய அவர், தாம் சென்றமைக்காக வருந்தவில்லை என்றும், வெட்டுண்ட தலையொன்றைக் குப்பைத் தொட்டியிற் கண்டும் தாம் கலங்கவில்லை என்றுங் கூறினார். நாடு கொதித்தெழுந்தது. அக்கொதிப்பைப் புரிந்துகொள்வது கடினமன்று. சில நாட்களுள், பெப்ரவரி 19 ஆந் திகதி, உள்நாட்டமைச்சர் சாஜித் ஜாவிட் அவருடைய பிரித்தானியப் பிரசாவுரிமையை நீக்கினார்.

அவ்வாறு செய்தற்குச் சட்டம் இடமளித்தது. 1981 ஆம் ஆண்டின் பிரித்தானிய நாட்டினச் சட்டத்தின் 40 ஆம் பிரிவு, பிற்காலத் திருத்தங்களின் பயனாக, 'பொதுநலனுக்கு உகந்தது' என அமைச்சர் கருதின் ஒருவரின் பிரசாவுரிமையை நீக்க அதிகாரம் அளிக்கின்றது. பிறப்பினாற் பிரசையானவரை நாடற்றவராக்குதல் மாத்திரம் ஆகாது. இத்தடையை அமைச்சர் கடந்த விதம் கவனிக்கத்தக்கது. பேகத்தின் பெற்றோர் பங்களாதேஷிலிருந்து வந்தோர். பங்களாதேஷ்ச் சட்டப்படி 21 வயது வரை அவருக்கு வமிசாவழிப் பிரசாவுரிமை உண்டு. அப்போது அவருக்கு 19 வயது. ஆகவே அவர் நாடற்றவராகார் என்பது வாதம். பேகம் அந்நாட்டைக் கண்டதுமில்லை. பங்களாதேஷ் அரசோ, அவர் தன் பிரசையல்லர் எனவும், அவரை உள்ளே விடுதல் என்ற பேச்சுக்கே இடமில்லை எனவும் உடனே அறிவித்தது. 2020 இல் விசேட ஆணைக்குழு அமைச்சரின் வாதத்தை ஏற்றது. விசாரணையிற் பங்குகொள்ள அவர் நாட்டுக்குள் வரலாமா என்ற வினாவுக்கு, 2021 பெப்ரவரி 26 இல் உயர் நீதிமன்றம் வரலாகாது என விடையளித்தது. 2023 இல் அதே ஆணைக்குழு, அவர் பாலியற் சுரண்டலுக்காகக் கடத்தப்பட்டார் என நம்பத்தக்க ஐயம் உண்டு என்று கண்டபின்னும் அவரது மேன்முறையீட்டை நிராகரித்தது. 2024 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவ்வாறே செய்தது. அமைச்சரின் முடிவு கடுமையானதென ஒருவர் வாதிக்கலாம், அவருடைய துன்பத்திற்கு அவரே காரணரென மற்றொருவர் வாதிக்கலாம், ஆனால் அவ்விரண்டும் தாம் தீர்க்கவேண்டிய வினாக்களல்ல, முடிவு சட்டத்துக்கு முரணானதா என்பதொன்றே தமக்குரிய வினா என நீதியரசர்கள் கூறினர். நீதிமன்றங்கள் தமக்குரியதன்றென விட்ட அவ்வினாவே ஒழுக்கவியலுக்குரிய வினாவாகும்.

அரசின் பக்கத்து நியாயத்தை முதலிற் செவ்வனே எடுத்துரைத்தல் வேண்டும். 2015 நவம்பர் 13 ஆந் திகதி பாரிஸ் நகரில் 130 பேரைக் கொன்றோருட் பலர் சிரியாவிற் போரிட்டுத் திரும்பிய ஐரோப்பியப் பிரசைகள். இலங்கையரும் இவ்வச்சத்தை அறியாதவரல்லர்: 32 இலங்கையர் சிரியாவுக்குச் சென்று அவ்வியக்கத்திற் சேர்ந்தனர் என 2016 நவம்பரில் நீதியமைச்சர் பாராளுமன்றத்திற் கூறினார், 2019 ஏப்பிரல் 21 ஆந் திகதி தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். உயிருக்கு அஞ்சும் மக்களை நோக்கி, உங்கள் அச்சம் பிற்போக்கானது எனக் கூறுதல் அறிவுடைமையன்று. அன்றியும், பிரசாவுரிமையை ஓர் உடன்படிக்கையாகக் கொள்வோர் மற்றொரு வாதத்தையும் முன்வைப்பர். அரசு பாதுகாப்பளிக்கின்றது, பிரசை விசுவாசமளிக்கின்றார், நாட்டின் பகைவரோடு சேர்ந்தவர் உடன்படிக்கையைத் தாமே முறித்தவராகின்றார், முறிந்த உடன்படிக்கையின் பயனை அவர் பின்னர்க் கோரமுடியாது என்பது அவ்வாதம்.

இவ்வுடன்படிக்கைக் கொள்கைக்குப் பழைமையும் பெருமையும் உண்டு. பிளேட்டோவின் 'கிரீட்டோ' என்னும் உரையாடலில், சிறையிலிருந்து தப்பிச் செல்லுமாறு வேண்டும் நண்பனுக்குச் சோக்கிரதர் மறுமொழி கூறுமிடத்து, ஏதென்ஸ் நகரின் சட்டங்களே எதிரே நின்று பேசுவதாகக் கற்பனை செய்கின்றார். உன்னைப் பிறப்பித்தோமும் வளர்த்தோமும் கல்வி தந்தோமும் யாமே, யாம் பிடிக்காவிடின் நீ போயிருக்கலாம், போகாமையால் எமக்குக் கட்டுப்பட்டாய் என்பது அச்சட்டங்களின் கூற்று. இங்கு இருவேறு வாதங்கள் கலந்திருத்தலை ஊன்றி நோக்குவோர் காண்பர். ஒன்று உடன்படிக்கை, மற்றையது பெற்றோர்-பிள்ளை உறவு. உடன்படிக்கை முறியக்கூடியது, ஆனால் பிறந்த குழந்தை எதிலும் கையொப்பமிடுவதில்லை. பெற்றோர்-பிள்ளை உறவு முறியாதது. ஆனால் அது ஒருபக்கக் கடனன்று. வளர்த்தவன் யானே எனப் பிள்ளைமீது உரிமை கொண்டாடும் தந்தை, அப்பிள்ளை பிறர் வீட்டிற்குத் தீவைத்த அன்று, இவன் யாரோ எனக் கூறுவானாயின் அவனை ஊர் என்ன சொல்லும்? பெருமையிற் பங்கு கேட்பவர் பழியிலும் பங்கு கொள்ளல் வேண்டும்.

தமிழருக்கு இதனை விளக்கப் பிளேட்டோவும் வேண்டியதில்லை. திருவாரூர்ச் சோழனின் மகன் ஊர்ந்த தேர்க்காலில் ஆன்கன்றொன்று அகப்பட்டு இறந்த கதையைப் பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. மகாவம்சமும் இக்கதையை அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளன் மேலேற்றிக் கூறுகின்றது. ஓரரசனை வென்றவர் வழிவந்தோரும் தோற்றவர் வழிவந்தோரும் ஒருங்கே போற்றிய நீதிக்கதைகள் உலகில் அதிகமில்லை. இக்கதையிற் பொதுவாகப் பேசப்படுவது அரசனின் பாரபட்சமின்மை. அதனிலும் நுண்ணிய செய்தியொன்று அதிலுண்டு. சோழனுக்கு எளிய வழிகள் பல இருந்தன. பிராயச்சித்தஞ் செய்தாற் போதும் என அமைச்சர் கூறினர். மகனை நாடு கடத்தி, அவன் இனி எம் மகனல்லன் எனப் பறையறைவித்திருக்கலாம். சபையோர் அதனையும் கடுந்தண்டனையென மெச்சியிருப்பர். அவன் அவ்வாறு செய்யவில்லை. கன்றை இழந்த பசு மணியை அசைத்தது அவன் வாயிலிலேதான்; கொன்றவன் அவன் மகன்; ஆகவே முறை வழங்கவேண்டியவனும் அவனே. தேர்க்காலின் கீழ் மகனைக் கிடத்திய அக்கொடுந்தண்டனையை இன்று எவரும் போற்றவேண்டியதில்லை. தன்னவன் என்பதனாலேயே தான் விசாரிக்கக் கடமைப்பட்டவன் என்னும் அடிப்படையே இங்கு வேண்டற்பாலது.

பிரசாவுரிமை நீக்கம் தண்டனையன்று, அது வெறும் நிருவாக நடவடிக்கை என அரசுகள் கூறும். இக்கூற்றை நீதிமன்றங்கள் சில ஏற்கவில்லை. 1944 இல் மொறோக்கோவின் கசாபிளங்கா நகரிலே அமெரிக்கப் படைவீரர் ஒருவர் படைச்சிறையினின்று தப்பி, ஒரு நாள் கூட நிறையாமுன் திரும்பி வரும் வழியிற் சரணடைந்தார். படையை விட்டு ஓடியமைக்காக அவர் பிறந்த நாட்டின் பிரசாவுரிமையையே இழந்தார். 1958 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், ஐவர்க்கு நால்வர் என்ற பெரும்பான்மையால், இது கொடியதும் வழக்கிறந்ததுமான தண்டனை என்று தீர்த்தது. உடலைத் தொடாவிடினும் சமுதாயத்தில் அம்மனிதருக்குள்ள நிலையனைத்தையும் அழிப்பது அது என்பது பிரதம நீதியரசர் வாரனின் கருத்தின் சாரம். 2022 யூன் மாதத்தில் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் சிரியாவுக்குச் சென்ற ஒருவரின் வழக்கிலே, இத்தகைய நீக்கம் தண்டனையே, குற்றத்தைக் கண்டு தண்டித்தல் நீதிமன்றத்தின் தொழிலேயன்றி அமைச்சரின் தொழிலன்று எனக் கூறி அச்சட்டப் பிரிவைச் செல்லாததாக்கிற்று.

திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் கொடியோரை ஒறுத்தலைப் பயிரிற் களையெடுத்தலுக்கு ஒப்பிடுகின்றது என ஒருவர் எதிர்வாதம் புரியலாம். ஆனால் அவ்வதிகாரமே, யாவரிடத்தும் குற்றத்தை ஆராய்ந்து, ஒருபாற் சாயாது, தேர்ந்து செய்வதையே முறையெனத் தொடங்குகின்றது என்பதை அவர் மறத்தலாகாது. களை எது பயிர் எது எனக் காணாமற் பிடுங்குபவன் உழவனல்லன். பிரித்தானிய அமைச்சர்கள் நாட்டிற்கு அழைக்க மறுத்தமைக்குக் கூறிய காரணங்களுள் ஒன்று, சிரியாவில் நடந்தவற்றை நீதிமன்றில் நிரூபிக்கப் போதிய சான்று கிடைத்தல் அரிது என்பதாகும். இது வினோதமான காரணம். வழக்குத் தொடரச் சான்று போதாது என்பவர், அதே சான்றைக் கொண்டு வழக்கிலே விதிக்கக்கூடியதினும் பெரிய இழப்பை விதிக்கின்றார். சான்றின்மை குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகமாதல் வேண்டும் என்னும் நெடுங்கால நியதி இங்குத் தலைகீழாகின்றது. சான்று முற்றாகக் கிடைப்பதில்லை என்பதும் உண்மையன்று. சிரியாவிலிருந்து தம் குழந்தையுடன் தாமே திரும்பிய பிரித்தானியப் பெண்ணொருவர் 2016 இல் பேர்மிங்காமில் விசாரிக்கப்பட்டு, அவ்வியக்கத்தின் உறுப்பினராயிருந்தமை உட்பட்ட குற்றங்களுக்காக ஆறாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

இவ்விவாதத்தில் அடிக்கடி மறக்கப்படுவோர் ஒரு சாராருளர். அவர் அவ்வியக்கத்தாற் சிதைக்கப்பட்டோர். 2014 ஓகஸ்ட் மாதத்தில் ஈராக்கின் சின்ஜார் மலைப்பகுதியில் வாழ்ந்த யசீதி மக்கள்மீது பாய்ந்த அவ்வியக்கம் ஆடவரைக் கொன்றது. பெண்களையும் சிறுமியரையும் அடிமைகளாக விற்றது. அம்மக்களுக்கு இலண்டனிலோ கன்பராவிலோ ஒருவரின் கடவுச்சீட்டு இரத்தானமையால் யாது பயன்? ஜேர்மனியில் நிகழ்ந்த ஒரு வழக்கு இதற்கு மறுதலையாக நிற்கின்றது. ஈராக்கின் பலூஜா நகரில் 2015 இல் ஐந்து வயது யசீதிச் சிறுமி ஒருத்தி, அவளை அடிமையாக வாங்கியவனால் வெய்யிலிலே சங்கிலியாற் பிணிக்கப்பட்டு, நீரின்றி இறந்தாள். அவன் மனைவி ஒரு ஜேர்மன் பிரசை. அவள் தடுக்கவில்லை. துருக்கியிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட அப்பெண்ணை ஜேர்மனி ஏற்றது, கண்காணித்தது, மீண்டுஞ் சிரியாவுக்குச் செல்ல முயன்றபோது கைது செய்தது, 2019 ஏப்பிரலில் மியூனிக் நகரில் வழக்கைத் தொடங்கியது. இறந்த சிறுமியின் தாய் அந்நீதிமன்றத்திலே சாட்சி கூறினார். 2021 ஒக்டோபரில் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது; அது போதாதென மேன்முறையீட்டில் மீள நோக்கப்பட்டு 2023 இற் பதினான்கு ஆண்டாயிற்று. அவளுடைய ஈராக்கியக் கணவன் 2021 நவம்பரிற் பிராங்பேட் நீதிமன்றத்தால் இனப்படுகொலைக் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டான். யசீதி மக்களுக்கு இழைக்கப்பட்டது இனப்படுகொலை என ஒரு நீதிமன்றம் தீர்த்தது அதுவே முதன்முறை.

ஜேர்மனி அப்பெண்ணை எம்மவளல்லள் எனக் கைகழுவியிருப்பின் அத்தாய்க்குத் தன் மகளின் பெயரைச் சொல்லி முறையிட ஓர் அவை கிடைத்திராது. பிரசாவுரிமை நீக்கம் குற்றவாளிக்குக் கடுமையானது என்பது ஒருபுறமிருக்க, பாதிக்கப்பட்டோர்க்கு அது செய்யும் அநீதியே பெரிது எனலாம். குற்றம் விசாரிக்கப்படாமலே எங்கோ ஒரு பாலைநில முகாமிற் புதைந்து போகின்றது. கடுமையென மக்கள் கைதட்டும் ஒரு நடவடிக்கை, உண்மையில் வழக்கிலிருந்து தப்புவிக்கும் நடவடிக்கையாகவும் அமைந்துவிடுகின்றது.

அயல்நாடுகளின் நிலையும் நோக்கற்பாலது. தாய் தந்தையர் வழியாகப் பிரித்தானியா, கனடா ஆகிய இரு நாட்டுப் பிரசாவுரிமையுங் கொண்ட ஓர் இளைஞரின் உரிமையைப் பிரித்தானியா 2019 இல் நீக்கியபோது, அந்நாடு தன் பொறுப்பைத் தன்னிச்சையாகப் பிறர் தலையில் இறக்கிவிட்டதெனக் கனடா மனத்தாங்கலுற்றது. 2021 பெப்ரவரியில் நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆடேர்னும் அவ்வாறே அவுஸ்திரேலியாமீது வெளிப்படையாகச் சினந்தார். ஆறு வயதில் நியூசிலாந்தை விட்டு அவுஸ்திரேலியாவில் வளர்ந்து, அங்கிருந்தே சிரியா சென்ற பெண்ணொருவரின் அவுஸ்திரேலியப் பிரசாவுரிமை நீக்கப்பட்டுவிட, எஞ்சியது நியூசிலாந்து உரிமையே. அப்பெண்ணையும் பிள்ளைகள் இருவரையும் அந்நாடு ஏற்றது. இரு நாடுகளுள் எது முதலிற் கையொப்பமிடுகின்றதோ அது தப்பும் என்ற ஓட்டப்பந்தயமாக நீதி மாறுவது நகைப்புக்குரியது. இருநாடும் ஒருங்கே கைவிட்டால் அம்மனிதர் எங்கே போவார்? உரிமைகளைப் பெறுவதற்கான உரிமையே பிரசாவுரிமை என்னும் கருத்தை 1951 இல் எழுதிய ஹன்னா ஆரண்ட், நாசி ஜேர்மனியிலிருந்து தப்பி ஆண்டுக்கணக்காக நாடற்றவராய் வாழ்ந்தவர்.

இங்கு இலங்கை வாசகர் மனத்தில் ஒரு நினைவு எழுதல் இயல்பு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தையின் அல்லது தந்தைவழி முன்னோரின் பிறப்பிடத்தை நிரூபிக்குமாறு மலையக மக்களைக் கேட்டது. நிரூபிக்கவியலாத இலட்சக்கணக்கானோர் நாடற்றோராயினர். எஞ்சியோரின் நிலை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்வு கண்டது. எக்குற்றமும் புரியாத அம்மக்களையும், கொடிய இயக்கமொன்றைத் தேடிச் சென்றோரையும் சமமாக வைத்தல் தகாது. ஒப்புமை உள்ளது ஆட்களிலன்று, முறையில். இவருடைய முன்னோர் வேறிடத்தவர், ஆகவே இவருக்குப் போக்கிடம் உண்டு என அங்கும் கூறப்பட்டது, இலண்டனிலும் கூறப்பட்டது. அவ்விடத்து அரசு ஏற்குமா என்பது இரண்டிலும் பிற்பாடே நோக்கப்பட்டது. இம்முறையின் மற்றொரு விளைவையும் மறைத்தற்கில்லை. பெத்னல் கிரீனில் அடுத்தடுத்த வீட்டிற் பிறந்த இருவர் ஒரே குற்றத்தைச் செய்வாராயின், பாட்டன் பூட்டன் காலந்தொட்டு ஆங்கிலேயராயிருப்பவரின் உரிமை நிலைக்கும். குடியேறியோரின் பிள்ளையின் உரிமை போகும். குற்றம் ஒன்று, பிரசைகள் இரு தரத்தார் என்னும் நிலை இது. குற்றமேதும் செய்யாத ஏனைய குடியேறியோர் பிள்ளைகளும் இதனைக் கண்டு, தம் உரிமை தவணைக்கு வழங்கப்பட்டதென எண்ணத் தலைப்படுவர். தீவிரவாத இயக்கங்கள் அவர்கள் காதில் ஓதும் மந்திரமும் அதுவேயன்றோ?

தீவிரவாதம் என்ற சொல்லையும் கவனமாகக் கையாளல் வேண்டும். 1936 முதல் 1939 வரை ஸ்பானிய உள்நாட்டுப் போரிலே குடியரசின் பக்கம் நின்று போரிடப் பல்லாயிரவர் பல நாடுகளினின்றுஞ் சென்றனர். பிரித்தானியா 1870 ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் படைச்சேர்க்கைச் சட்டத்தைக் காட்டி அவர்களை எச்சரித்தது. சுவிற்சர்லாந்து திரும்பி வந்தோரைச் சிறையிலிட்டது. 2009 இல் அதன் பாராளுமன்றம் அத்தண்டனைகளை நீக்கிப் பெயரை மீட்டது. அன்று சென்றோரும் சிரியாவுக்குச் சென்றோரும் ஒரு நிகரல்லர். அடிமைச் சந்தை நடத்திய இயக்கத்திற்கு வருங்காலமும் மன்னிப்பளிக்கப் போவதில்லை. எனினும், தொலைவிலுள்ள கொள்கையொன்றினால் ஈர்க்கப்பட்டமையைத் தண்டிக்கும் அரசு தவறக்கூடும் என்பதும், கொலை, கொள்ளை, அடிமைப்படுத்தல் போன்ற செயல்களைத் தண்டிக்கும் அரசு அத்துணை எளிதில் தவறாது என்பதும் இதனாற் பெறப்படும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? திரும்பி வருவோரை மாலையிட்டு வரவேற்க வேண்டும் என எவருங் கூறார். மத்திய ஆசியாவின் கசாக்கஸ்தான், செல்வமோ சனநாயகப் புகழோ மிக்க நாடன்று. அது 2019 சனவரி முதல் 'ஷூசான்' என்னும் பெயரில் வானூர்திகளை அனுப்பித் தன் பிரசைகளை மீட்டது. அப்பெயர் அந்நாட்டுப் புல்வெளியில் விளையும் ஒரு மணமுள்ள செடியினுடையது. அம்மணம் பிறந்தகத்தை நினைவூட்டும் என்பது அம்மக்களின் நம்பிக்கை. ஏறத்தாழ 600 பேர் மீட்கப்பட்டனர், பெரும்பாலார் சிறுவர். ஆடவர் பலர் வழக்குக்குட்பட்டுச் சிறை சென்றனர். பெண்களும் பிள்ளைகளும் புனர்வாழ்வு நிலையத்தினூடாக உறவினரிடஞ் சேர்க்கப்பட்டனர். டென்மார்க்கின் ஆஹுஸ் நகரில் பொலிசாரும் நகரசபையும் இணைந்து, குற்றஞ் செய்யாது திரும்பியோருக்கு வழிகாட்டி ஒருவரை நியமித்துக் கல்வியையும் தொழிலையும் தேடிக்கொடுத்தனர். குற்றஞ் செய்தோர் நீதிமன்றுக்கே அனுப்பப்பட்டனர். அந்த டென்மார்க்கே 2019 ஒக்டோபரில் இருநாட்டுப் பிரசைகளின் உரிமையை நிருவாக ஆணையால் நீக்கச் சட்டமியற்றியமை, அச்சத்தின் காலத்தில் நல்ல முன்மாதிரிகளும் நிலைப்பதில்லை என்பதைக் காட்டுகின்றது.

இவ்வழியில் ஆபத்து இல்லை எனல் பொய்யாகும். சிறையிலிருந்து வெளியேறும் ஒருவர் மீண்டும் கொடுமை புரியக்கூடும்; அவ்வாறு நிகழின் அவரை அழைத்துவந்த அமைச்சரையே மக்கள் குற்றங்கூறுவர். கைவிட்ட அமைச்சரை எவருங் குற்றங்கூறார், ஏனெனில் அதன் விளைவு வேறொரு நாட்டில், வேறொரு மக்கள்மீது விழும். அரசியல்வாதிகள் எதனைத் தெரிவர் என்பது வெளிப்படை. ஆனால் உள்நாட்டிற் கொலைசெய்தவன் விடுதலையாகும்போதும் அரசு இதே ஆபத்தைத் தாங்குகின்றது. அவனைக் கடலுக்கப்பால் ஏற்றியனுப்பும் வழக்கத்தைப் பிரித்தானியா பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கைவிட்டது. பண்டைய ஏதென்ஸிலுங்கூட, ஓட்டில் பெயரெழுதி நாடுகடத்தப்பட்டவன் பத்தாண்டு கழியத் திரும்பலாம். அவன் சொத்தும் அவனுடையதாகவே இருந்தது.

பிள்ளைகளைப் பற்றியாவது கருத்து வேறுபாட்டிற்கு இடமில்லை எனத் தோன்றலாம். பேகத்தின் மூன்றாவது குழந்தை 2019 பெப்ரவரி நடுப்பகுதியில், தாயின் உரிமை நீக்கப்படுமுன்னரே முகாமிற் பிறந்தது. ஆகவே அக்குழந்தை பிரித்தானியப் பிரசை. பெற்றோர் உரிமையிழத்தல் பிள்ளையின் உரிமையைப் பாதியாது, பிள்ளைகள் துன்புறலாகாது என உள்நாட்டமைச்சர் பெப்ரவரி 20 ஆந் திகதி பாராளுமன்றத்திற் கூறினார். அக்குழந்தையை அழைத்துவர எவரும் செல்லவில்லை. மூன்று வாரம் நிறையுமுன், மார்ச் மாதத் தொடக்கத்தில், அது மூச்சுத் திணறிச் சிரியாவிலேயே இறந்தது.